சனிக்கிழமைக் கப்பலில் ஓர் இடம்

அந்தப் போட்டிக்குச் ‘சர்வதேச’ என்று அடைமொழி சேர்த்தவன் நான்தான். தகரப் பலகையில் எழுத்து எழுதுகிறவன் பக்கத்தில் நின்று, ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் அந்தச் சொல்லை எழுத வைத்தேன். ‘சர்வதேச கிளப் கால்பந்து – இறுதி ஆட்டம்’. பச்சை பெயிண்ட். அது காயும் முன்பே மழை தூறி, எழுத்துகள் பலகையின் கீழ்வரை ஒழுகின. இன்றைக்கும் பத்திரிகையில் உலக அளவில் நடக்கும் கிளப் ஆட்டங்களின் இறுதிப் போட்டி பற்றிப் படித்தால், கோப்பையை ஆளாளுக்குத் தூக்கி முத்தமிடும் படத்தைப் பார்த்தால், எனக்குக் குமட்டுகிறது. விளையாட்டின் மேல் தப்பில்லை. நான் செய்ததை எழுதிவிட்டால் அந்தக் குமட்டல் எங்கிருந்து வருகிறது என்று படிக்கிறவர்களுக்குப் புரியும்.

அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேரில் எல்லாச் சாதி மொழிக்காரர்களுக்கும் ஒரு கால்பந்து கிளப் இருந்தது. குடியேறிய வங்காளிகளுக்கு ஒன்று, காட்டில் மரம் வெட்ட வந்த ராஞ்சிக்காரர்களுக்கு ஒன்று, மலையாளிகளுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. மழைக்காலம் ஓய்ந்ததும் ஆட்டங்கள் தொடங்கும். அந்த வருஷம் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பல் நடுக்கடலில் எந்திரம் பழுதாகி, வேறொரு கப்பலால் இழுத்துவரப்பட்டு எங்கள் துறைமுகத்தில் நின்றது. உதிரிப் பாகம் வருவதற்கு ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை மாலுமிகளுக்கு வேலை இல்லை. மாலை நேரத்தில் மைதானம்வரை வந்து போக அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. கூடவே இரண்டு போலீஸ்காரர்கள் வருவார்கள். மாலுமிகளிடம் நீலக் கோடு போட்ட சட்டைகள் இருந்தன. சொந்த ஊர்த் துறைமுகத்தில் அவர்கள் ஆடும் கிளப்பின் சட்டை என்றார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டோம். எங்கள் சின்ன ஊர்ப் போட்டி சர்வதேசப் போட்டி ஆகிவிட்டது.

எங்கள் கிளப்புக்கு நான் செக்ரட்டரி. எனக்கு வயது முப்பத்தொன்று. பி.ஏ. படித்தவன். தீவிலிருந்து மெயின்லேண்டுக்குப் போகும் பயணிகளுக்குக் கப்பலில் இடம் ஒதுக்கும் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். அந்த வேலை எவ்வளவு பெரியது என்று இப்போது விமானத்தில் போய் வருகிறவர்களுக்குச் சொன்னால் விளங்காது. சென்னைக்குக் கப்பல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான். சாவென்றாலும் கல்யாணமென்றாலும் அந்தக் கப்பல்தான். லிஸ்டில் பெயர் இல்லாதவன் கரையில் நின்று கையை ஆட்டலாம். லிஸ்டை டைப் செய்கிறவன் நான். வீட்டு வாசலில் கோழி முட்டையும் சூரை மீனும் வந்து இறங்கும். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வேன். கடைவீதியில் என்னைவிட இருபது வயது மூத்தவர்கள் எனக்கு வணக்கம் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கோல் கீப்பர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். இருபத்தாறு வயது. கிளப்பின் தலைவராக இருந்த கான்ட்ராக்டரிடம் லாரி ஓட்டினான். பெரார்கஞ்ச் பக்கத்திலிருந்து மரம் ஏற்றி வருவது அவன் வேலை. டாலிகஞ்சில் ஒரு தகரக் கூரை வீட்டில் மனைவியோடும் எட்டு மாதப் பெண் குழந்தையோடும் இருந்தான். நானும் திருநெல்வேலிக்காரன் என்பதால் என்னை அண்ணாச்சி என்பான். ஊர்ப்பாசத்தில் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். லிஸ்ட் என் கையில் இருக்கிறது என்பதற்காக அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான்.

அரை இறுதியில் ராஞ்சிக்காரர்களோடு ஆட்டம். கடைசி ஐந்து நிமிஷத்தில் அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரன் நான்கு கஜ தூரத்திலிருந்து அடித்த பந்து கீப்பரின் வலது கண்ணில் நேராக விழுந்தது. நனைந்த தோல் பந்து, கல் மாதிரி இருக்கும். அவன் விழுந்தான், எழுந்தான், முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி நின்றான். நாங்கள் ஜெயித்தோம். கிரேக்கக் கப்பல்காரர்களோடு இறுதி ஆட்டம், வரும் ஞாயிற்றுக்கிழமை. அதைத் தள்ளிப்போட முடியாது. உதிரிப் பாகம் வந்து சேர்ந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை அந்தக் கப்பல் கிளம்புகிறது.

வியாழக்கிழமை மத்தியானம் கீப்பர் என் அலுவலகத்துக்கு வந்தான். கண்ணில் வீக்கம் வடிந்திருந்தது. பார்க்க ஒன்றும் தெரியவில்லை.

“என்ன தம்பி, லாரி ஓட்டப் போகலையா?”

“ஓட்ட முடியல அண்ணாச்சி. வலது கண்ணுல ஒரு ஓரமாத் திரை விழுந்தாப்ல இருக்கு. நேத்து ராத்திரி மின்னல் மின்னல்னு வெட்டிச்சு. காலைல பாத்தா கறுப்பு.”

“டாக்டர்கிட்டக் காட்டினியா?”

“அங்க இருந்துதான் வாரேன்.” ஒரு சீட்டை நீட்டினான். “குதிக்கப்படாது, குனியப்படாது, மல்லாக்கப் படுத்தே கெடக்கணும்னுட்டாரு. மெட்ராஸ்ல பெரிய கண்ணாஸ்பத்திரிக்கு உடனே போவணுமாம். உள்ள ஏதோ சவ்வு பிரியுதாம். முழுசாப் பிரிஞ்சிட்டா ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லுதாரு. சனிக்கிழமைக் கப்பல்ல எடம் கெடைக்குமா அண்ணாச்சி?”

சீட்டில் டாக்டர் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு ‘முதல் கப்பலில்’ என்று எழுதியிருந்தார். நோயாளிகளுக்கென்று ஒவ்வொரு கப்பலிலும் ஆறு இடம் ஒதுக்கி வைப்போம். அன்று நான்குதான் நிரம்பியிருந்தது. அவன் எதிரிலேயே அவன் பெயரை ஐந்தாவதாக எழுதினேன்.

“கெடைக்கும். போய்ப் படு.”

“கைக்குழந்தையோட அவளையும் கூட்டிட்டுப் போவலாமா?”

“இப்ப நீ மட்டும் போ. கண்ணு முக்கியம்.”

இதைச் சொன்னவனும் நான்தான். அதனால்தான் எனக்குத் தெரியாது என்றோ அவசரத்தில் நடந்துவிட்டது என்றோ நான் சொல்ல வழியில்லை.

அன்று சாயங்காலம் கான்ட்ராக்டரின் மரக் கிடங்கில் கமிட்டி கூடியது. கான்ட்ராக்டர் மதுரைப் பக்கத்து ஆள். தீவில் இருபது வருஷம் இருந்ததில் அவர் பேச்சில் பாதி இந்தியாகிவிட்டது. எந்நேரமும் வெற்றிலை. பேசும்போது சாறு மோவாயில் வழியும், புறங்கையால் துடைத்து அந்தக் கையாலேயே நம் தோளைத் தட்டுவார். பொருளாளர், கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த கீழக்கரை பாய். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“ஜாயேகா? மெட்ராஸுக்குப் போறானா?” கான்ட்ராக்டர் எச்சிலை மரத்தூளில் துப்பினார். “அரே செக்ரட்டரி சாப், ஞாயித்துக்கிழமை கோல்ல யாரு நிப்பா? உங்க அப்பாவா?”

“ரெண்டாவது கீப்பர் இருக்கான்.”

“அவனா? ராஞ்சிக்காரன் பொண்டாட்டி அடிச்சாலே ரெண்டு கோல் விடுவான். சீஃப் கெஸ்ட்டா பெரிய சாப் வராரு, வெளிநாட்டுக்காரன் வரான். எட்டு கோல் வாங்கிட்டு நிப்போமா? நம்ம மானம், இஜ்ஜத் என்னாகும்?”

“கண்ணு விசயம்பா,” என்றார் பாய். “தோத்தா தோத்துட்டுப் போறோம். ஆளை அனுப்பி வைங்க.”

“பாய், நீங்க துணி அளக்கிறவரு. கண்ணுல பந்து பட்டா ரெண்டு நாள் மங்கலாத்தான் இருக்கும். எனக்கும் பட்டிருக்கு. டாக்டர் புதுசு, பயந்தாங்கொள்ளி, எல்லாத்துக்கும் மெட்ராஸ்னு எழுதுவான். க்யூ, என்ன சொல்றீங்க செக்ரட்டரி?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதை முழுதாக அறிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். சவ்வு பிரிவது பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. “டாக்டர் ஒரு முன்ஜாக்கிரதைக்காகத்தான் எழுதியிருக்கிறார் போல” என்றேன்.

பாய் எழுந்து செருப்பை மாட்டினார். “அல்லாவுக்குப் பதில் சொல்றது நீங்கதான். நான் இதுல இல்லை.” போய்விட்டார். இறுதி ஆட்டத்துக்கும் அவர் வரவில்லை.

“லிஸ்ட் உங்க கையில,” என்று கான்ட்ராக்டர் என் தோளைத் தட்டினார். சட்டையில் சிவப்பாக விரல்கள் பதிந்தன. “ஏக் மேட்ச், ஒரே ஒரு மேட்ச்தானே. அடுத்த கப்பல்ல ராஜா மாதிரி அனுப்பலாம்.”

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று பிற்காலத்தில் பல விதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கான்ட்ராக்டருக்குப் பயந்தேன் என்பது பொய். அவரால் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. அவர்தான் கப்பல் இடத்துக்காக மாதாமாதம் என்னிடம் நின்றார். உண்மை இதைவிடக் கேவலமானது. இறுதி ஆட்டத்துக்கு வரவேற்புரை நான் எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். தேசங்களின் சகோதரத்துவம், கடல்கள் பிரிப்பதைப் பந்து சேர்க்கிறது என்றெல்லாம். தீவின் பெரிய அதிகாரியும் அந்நியக் கப்பலின் கேப்டனும் அதைக் கேட்கப் போகிறார்கள். அதைப் படித்த பிறகு எங்கள் அணி எட்டு கோல் வாங்கினால் நான் சிரிப்புக்கு இடமாவேன் என்று தோன்றியது. ஒருவனுடைய கண்ணுக்கு நான் வைத்த விலை அந்த இரண்டு பக்கம்.

வெள்ளிக்கிழமை காலை லிஸ்டை டைப் செய்தேன். டாக்டரின் சீட்டை மேசை இழுப்பறையில் கார்பன் தாள்களுக்கு அடியில் வைத்தேன். ஐந்தாவது இடத்தில் கான்ட்ராக்டரின் மச்சினன் பெயர் ஏறியது. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போக அவன் ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்தான். நோயாளி என்று எழுத ஏதாவது வேண்டுமே, ‘வயிற்றுவலி’ என்று எழுதினேன்.

பிறகு நானே டாலிகஞ்சுக்குப் போனேன். ஆள் அனுப்பியிருக்கலாம். நேரில் போய்ச் சொன்னால் நம்புவான் என்று போனேன். அவன் பாயில் மல்லாக்கப் படுத்திருந்தான். ஒரு தட்டில் வெட்டிய பப்பாளி இருந்தது. பந்து அடித்த ராஞ்சிக்காரன் தினமும் வந்து எதையாவது வைத்துவிட்டுப் போகிறானாம்.

“தம்பி, மெடிக்கல் கோட்டா நெறைஞ்சிடுச்சு. பிரசவ கேஸ் ரெண்டு வந்திடுச்சு. அடுத்த கப்பல் பதினெட்டு நாள்ல இருக்கு. உன் பேரை முதல் பேராப் போட்டுட்டேன்.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். “பதினெட்டு நாளா?”

அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்தபடி நிலைப்படியில் நின்றாள். “நேத்து கெடைக்கும்னு சொன்னீயளே அண்ணாச்சி?”

“சொன்னேன்மா. பிள்ளைத்தாய்ச்சி பொம்பளைகளைத் தள்ள முடியுமா?”

அவள் தலை குனிந்தது. “தள்ளப்படாதுதான்” என்றாள்.

அப்போதாவது நான் திரும்பிப் போய் லிஸ்டைக் கிழித்திருக்கலாம். கையெழுத்துக்கு இன்னும் போகவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எப்படியும் ஊர்ல இருக்கிறதுனால, ஞாயித்துக்கிழமை சும்மா கோல்ல வந்து நின்னா போதும். ரொம்பக் குதிக்காத.”

கோல் கீப்பரிடம் குதிக்காதே என்றேன்.

“டாக்டர் வையுவாரே” என்றான்.

“அவருக்கு யாரு சொல்லப் போறா?”

மெதுவாக மறுபடி மல்லாக்கப் படுத்து, “நீங்க சொன்னாச் சரி அண்ணாச்சி” என்றான்.

சனிக்கிழமை காலையில் கப்பல் போனது. கடமையாக நான் துறைமுகத்தில் நின்றேன். வயிற்றுவலிக்காரன் புதுப் பட்டுவேட்டி மடிப்போடு, வாயில் சிகரெட்டோடு ஏறினான். மேலே நின்று எனக்குக் கை காட்டினான். ஆறாவது இடத்துக்கு ஆள் வரவே இல்லை. நோயாளிகளுக்கு வைத்த படுக்கை ஒன்று காலியாகவே சென்னைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. முந்திய நாள் மழையில் மண் சேறாகி, மாடுகள் மேய்ந்த நாற்றம் அடித்தது. நான் கோட்டு போட்டிருந்தேன். இரண்டு அணிகளும் வெயிலில் வரிசையாக நிற்க, உரையைப் படித்தேன். பத்து நிமிஷம். கிரேக்கர்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை. அவர்களுடைய சமையல்காரர் வரிசையின் கடைசியில் நின்று கொட்டாவி விட்டார். அவரும் அன்று பின்வரிசை ஆட்டக்காரர். எங்கள் கீப்பர் வலது கண்ணை மூடியும் திறந்தும் பார்த்தபடி நின்றான். உரை முடிந்ததும் பெரிய அதிகாரி என் கையைக் குலுக்கி ‘வெரி நைஸ்’ என்றார். அந்த இரண்டு சொல்லை நான் ஒரு வாரம் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தேன்.

எட்டு கோல் அடிக்கும் ஆட்கள் இல்லை அவர்கள். பலருக்கு நாற்பது வயதுக்கு மேல். மூச்சு வாங்கி, சிரித்து, சேற்றில் வழுக்கி விழுந்து ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்டு ஆடினார்கள். அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. இரண்டாவது கீப்பரே நின்றிருக்கலாம். இதைப் பத்தாவது நிமிஷத்திலேயே நான் புரிந்துகொண்டேன். ஆளை மாற்றவில்லை.

முதல் கோல் வலது பக்கமாக உருண்டு வந்தது. குழந்தைகூடக் காலை வைத்து நிறுத்தியிருக்கும். அவன் இடது பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான், பந்து அவனைக் கடந்து உள்ளே போனது. கூட்டம் பந்து அங்கே என்று கத்தியது.

“அரே காணா! பால் உதர் ஹை!”

பந்தை விட்டவனைக் ‘காணா’, அதாவது ஒற்றைக் கண்ணன், என்று திட்டுவது அந்த மைதானத்தில் வழக்கம். நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்று என்னைத் தவிர அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அது உண்மை என்று தெரியாது.

இடைவேளையில் அவன் என்னிடம் வந்தான். “அண்ணாச்சி, கீழ இருந்தும் ஏறுது. பாதிக்கு மேல கறுப்பாயிடுச்சு.”

கான்ட்ராக்டர் பக்கத்தில் நின்றார். “என்னல, கண்ணைத் தொறந்துட்டே தூங்குதியா?” என்று அவன் ஊர்ப் பேச்சைக் கேலி செய்தார்.

நான் சொன்னேன்: “இன்னும் முப்பது நிமிஷம்தான், தம்பி. பல்லைக் கடிச்சிக்க.”

நாங்கள் ஒன்று போட்டுச் சமன் செய்தோம். பிறகு ஒரு கார்னர். அவன் எம்பினான், பந்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் கை போனது, கம்பத்தில் தோள் இடித்துத் தலைகுப்புற விழுந்தான். பந்து உள்ளே. இரண்டுக்கு ஒன்று. கூட்டத்தில் யாரோ, “கப்பல்காரன்கிட்ட பாட்டில் வாங்கிட்டான்டா!” என்று கத்தினான். அது பரவியது. சேற்று உருண்டைகள் வந்து விழுந்தன. ஒன்று அவன் முதுகில் பட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் கூட்டம் அடங்கியிருக்கும். பத்து நிமிஷம் ஆங்கிலம் பேசியவனுக்கு அந்த இரண்டு வாக்கியம் வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கிரேக்கர்களின் கீப்பர், எந்திர அறையில் வேலை செய்யும் நரைத்த தலைக்காரர், கைகுலுக்க நடந்து வந்தார். எங்கள் ஆளின் வலது பக்கமாகக் கையை நீட்டினார். அவன் பார்க்கவே இல்லை. அவர் கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையை அவன் முகத்தின் ஓரம் மெதுவாக ஆட்டினார். விரல்களை விரித்தார், மடக்கினார். அவன் இமைக்கவில்லை. அவர் முகம் மாறியது. திரும்பி எங்களைப் பார்த்துத் தன் மொழியில் கத்த ஆரம்பித்தார். ஒரு சொல்லும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிரம் பேர் பார்த்தும் தெரியாததை, நாங்கள் தெரிந்தே மறைத்ததை, அந்நியன் ஒருவன் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

ஆங்கிலம் தெரிந்த அவர்களுடைய அதிகாரி என்னிடம் ஓடி வந்தார். இந்த மனிதனுக்கு ஒரு கண் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தூசி விழுந்திருக்கும் என்றேன். அவர் அதை மொழிபெயர்த்தார். நரைத்த தலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, என் ஷூவுக்குப் பக்கத்தில் துப்பினார்.

பிறகு இருவரும் தங்களுக்குள் பேசினார்கள். செவ்வாய்க்கிழமை நாங்கள் சென்னைக்குத்தான் போகிறோம், இவனை ஏற்றிக்கொள்கிறோம், கேப்டனிடம் நான் கேட்கிறேன், உங்கள் பக்கத்து அனுமதியை மட்டும் வாங்குங்கள் என்றார் அதிகாரி. இன்று ஞாயிறு, ஆபீஸ் இல்லை, நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை நான் கேட்கவில்லை. அனுமதி தருகிற அதிகாரி நல்லவர், தந்திருப்பார். ஆனால் வியாழக்கிழமையே சீட்டு கொடுத்த நோயாளி ஏன் சனிக்கிழமைக் கப்பலில் போகவில்லை என்று கேட்பார். லிஸ்டை எடுத்துப் பார்ப்பார். வயிற்றுவலியைப் பார்ப்பார். மத்தியானம் அந்தக் கிரேக்க அதிகாரி ஒரு போலீஸ்காரரோடு என் அலுவலக வாசல்வரை வந்தார். விதி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முதல் தடவை செய்ததைப் பேராசை என்று சொல்லலாம். இந்த இரண்டாவதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் கிடங்கில் நடந்த விருந்தையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கறி, ரம். ஜெயித்த கப்பல்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் பரிசாக வாங்கிய பித்தளைக் கோப்பையில் ரம்மை ஊற்றிச் சுற்றில் விட்டார்கள். எல்லார் எச்சிலும் பட்ட அந்தக் கோப்பை என் கைக்கு வந்தபோது விளிம்பில் கறிக்கொழுப்பும் வெற்றிலைச் சாறும் ஒட்டியிருந்தன. குடித்தேன். கான்ட்ராக்டர் ஏப்பம் விட்டுக்கொண்டே, “அந்த நாயை நாளையில இருந்து லாரியில ஏத்தாதீங்க” என்றார். நான் சாப்பிட முடியாமல் எழுந்து போனேன் என்று எழுத ஆசைதான். நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் கறி வாங்கிக்கொண்டேன்.

பதினெட்டு நாள் கழித்து அவன் போனான். முதல் பெயராகத்தான் போட்டிருந்தேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தான். “பூரா பிரிஞ்சிட்டாம் அண்ணாச்சி. பதினஞ்சு நாள் முந்தி வந்திருந்தா ஒட்ட வச்சிருப்போம்னு சொல்லிட்டாவ. நம்ம நேரம். நீங்க முதல் பேராப் போட்டுக் குடுத்தீய, இல்லன்னா இன்னும் லேட்டாயிருக்கும்.” எனக்காகச் சென்னையிலிருந்து அரைக் கிலோ காப்பிப் பொடி வாங்கி வந்திருந்தான். வாங்கிக்கொண்டேன். தீரும்வரை குடித்தேன்.

ஒற்றைக் கண்ணனுக்கு லைசென்ஸ் இல்லை. அவன் லஞ்சம் வாங்கி ஆட்டத்தைத் தோற்கடித்தான் என்ற பேச்சும் ஓயவில்லை. குடும்பத்தோடு வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்குப் போய், ஒருவருடைய பாக்குத் தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தான். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

பத்து வருஷத்துக்குப் பிறகு, திக்லிபூர் ஜெட்டியில் படகு டிக்கெட் கொடுக்கும் கவுன்டரைச் சோதனை செய்ய என்னை அனுப்பினார்கள். விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டான். வலது கண் சோழி மாதிரி வெளுத்திருந்தது. பக்கத்து வங்காளிக்காரரை வேலிக்கு அப்பால் நின்றே கூப்பிட்டு, “தாதா, யே மேரா படா பாய். மெட்ராஸ் பேஜ்னே வாலா” என்றான். தன்னைச் சென்னைக்கு அனுப்பி வைத்த அண்ணன் இவர்தான் என்று அவருக்கு விளக்கினான். உள்ளே உட்கார வைத்தான். அவன் மனைவி தட்டில் சோறு போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். முதல் கவளத்தைப் பிசைந்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

“தம்பி, அந்தச் சனிக்கிழமைக் கப்பல்ல கோட்டா நெறையல.”

அவன் தலையை முழுதாகத் திருப்பி இடது கண்ணால் என்னைப் பார்த்தான்.

“பிரசவ கேஸ் எதுவும் இல்ல. உன் சீட்டை நான் மேசைக்குள்ள வச்சிட்டேன்.”

“எதுக்கு?”

“ஃபைனலுக்கு.”

வெளியே கோழி ஒன்று தொடர்ந்து கத்தியது. அவன் மனைவி அகப்பையோடு நின்றாள்.

“என் எடத்துல யாரு போனா?”

“கான்ட்ராக்டர் மச்சினன்.”

“அவனுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. கல்யாணத்துக்குப் போனான்.” பிறகு, எதையும் மிச்சம் வைக்க வேண்டாம் என்று, கிரேக்கர்கள் ஏற்றிக்கொள்கிறோம் என்றதையும் நான் மறுத்ததையும் சொன்னேன். அதுவரை அவனுக்கு அது தெரியாது.

அவள்தான் பேசினாள். “புள்ளத்தாச்சிகளத் தள்ள முடியாதுன்னு சொன்னீயளே. நானும் தள்ளப்படாதுன்னேனே.” அகப்பையைச் சட்டியில் போட்டாள். “என்னையும் சொல்ல வச்சிட்டீயளே.”

அவன் எழுந்தான். என் முன்னால் இருந்த தட்டைத் தேடித் தடவி எடுத்தான். தூரத்தை அளக்க ஒற்றைக் கண் போதவில்லை, விரல் குழம்புக்குள் போனது. வாசலுக்குப் போய்ச் சோற்றைக் கோழிகளுக்குக் கொட்டினான். திரும்பி வந்து, “எந்திரிங்க” என்றான். அதட்டவில்லை. “போட் நாலு மணிக்கு. இப்ப நடந்தா ஜெட்டிக்குப் போயிரலாம்.”

நான் மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். கை கழுவத் தண்ணீர் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. வேலியைத் தாண்டும்போது வங்காளிக்காரர், “ஜா ரஹா ஹை? இத்னீ ஜல்தி?” என்று, இவ்வளவு சீக்கிரம் கிளம்புவதைப் பற்றிக் கேட்டார். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது: “ஆபீஸ் கா ஆத்மி ஹை, தாதா.” அண்ணன் இல்லை, ஆபீஸ் ஆள்.

ஒரு மணி நேரம் வயல் வரப்பிலும் மண் பாதையிலும் நடந்தேன். விரலிடுக்கில் சோறும் குழம்பும் காய்ந்து, ஈக்கள் மொய்த்தன. ஜெட்டியில் கடல் தண்ணீரில் கையைக் கழுவினேன். கவுன்டரில் நாற்பது பேருக்கு மேல் வரிசையில் நின்றிருந்தார்கள். போட்டில் அத்தனை பேருக்கு இடம் கிடையாது. காலையில் என் சோதனைக்குப் பயந்து நடுங்கிய கிளார்க் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்து, வரிசையை விலக்கி, காற்று வரும் பக்கமாக ஓர் இடத்தைக் காட்டினான்.

“சாப், இதர் பைட்டியே.”

போய் உட்கார்ந்துகொண்டேன்.